சுருக்காத சுருக்கெழுத்தர்

தஞ்சாவூரில் ஒரு இதய மருத்துவரின் அறை. மாமாவுக்கு எடுத்த எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "மைட்ரல் ஸ்டெனோசிஸ், லேசாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆனது. கவலை என்று நினைத்தேன். வெளியே வந்த பிறகுதான் அது அடக்கிவைத்த சிரிப்பு என்று தெரிந்தது. "ஏன்டா, ஆயுசு முழுக்க ஆபீஸ்ல நான் ஸ்டெனோ. இப்ப இவர் நெஞ்சுக்குள்ளயும் ஒரு ஸ்டெனோவா?"

அத்தை கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் இரண்டும் ஒரே சொல்தான்.

கிரேக்க மொழியில் 'ஸ்டெனோஸ்' என்றால் குறுகலான, ஒடுங்கிய என்று பொருள். 'கிராஃபைன்' என்றால் எழுதுவது. வால்வின் வாய் ஒடுங்கினால் ஸ்டெனோசிஸ், எழுத்து ஒடுங்கினால் ஸ்டெனோகிராஃபி. ஸ்டெனோகிராபர் என்பதை அப்படியே தமிழில் சொன்னால் 'ஒடுக்கி எழுதுகிறவர்'. நாம் அதிலும் பாதியைக் கத்தரித்துவிட்டு 'ஸ்டெனோ' என்கிறோம். எழுதுவது உதிர்ந்துபோய் ஒடுக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. ஒருவரைப் பார்த்து, "ஒடுக்கம்மா, ஒரு லெட்டர் எடுத்துக்குங்க" என்று சொல்வது மாதிரி.

சொல்லின் வேர் கிரேக்கம் என்றாலும், சொல்லைக் கட்டியவர்கள் கிரேக்கர்கள் இல்லை. 1602-ல் இங்கிலாந்தில் ஜான் வில்லிஸ் என்ற பாதிரியார் தான் வகுத்த முறைக்கு வைத்த பெயர் அது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆளாளுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு பெயர். வில்லிஸுக்கு முன்பே, 1588-ல், டிமத்தி பிரைட் தன்னுடையதைக் 'கேரக்டரி' என்றார். 1590-ல் பீட்டர் பேல்ஸ் 'பிராக்கிகிராஃபி' என்றார், குட்டை எழுத்து என்று பொருள். பிறகு தாமஸ் ஷெல்டனின் 'டாக்கிகிராஃபி' வந்தது, அதற்கு வேக எழுத்து என்று அர்த்தம். குட்டை, வேகம், ஒடுக்கம் என்று மூன்று பெயர்கள் போட்டி போட்டதில் ஒடுக்கம் ஜெயித்தது. நியாயமாகப் பார்த்தால் வேகம்தான் ஜெயித்திருக்க வேண்டும். கை ஒடுங்குவதே வேகத்துக்காகத்தானே.

ரோமானியர்கள் இந்த ஆளுக்கு வைத்த பெயர் வேறு. 'நோட்டா' என்றால் குறி, குறி போடுகிறவர் 'நோட்டாரியஸ்'. ரோமின் பெரிய பேச்சாளரான சிசெரோவின் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற டைரோவின் பெயரால் வழங்கும் குறிமுறையில் அவர்கள் எழுதினார்கள். கி.மு. 63-ல் செனட் சபையில் கேட்டோ பேசியதை எழுதிக்கொள்ள, சிசெரோ வேகமாக எழுதத் தெரிந்தவர்களை அங்கங்கே உட்காரவைத்தார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பின்னாளில் இந்த நோட்டாரியஸ்கள் பேரரசர்களின் செயலர்களானார்கள், ஆவணம் எழுதுகிறவர்களானார்கள், ஆவணத்துக்குச் சான்று தருகிறவர்களானார்கள். கும்பகோணம் கோர்ட் பக்கம் போனால் 'நோட்டரி பப்ளிக்' என்று பலகை தொங்குகிறதே, அந்த நோட்டரி இவர்கள் வழி வந்தவர்தான். ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதி அழுத்துகிற வக்கீலுக்கும் உள்ளே நீதிபதி முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஸ்டெனோவுக்கும் பூர்வீகம் ஒன்று. சொன்னால் இருவருமே நம்ப மாட்டார்கள்.

இன்று நம் ஊர் இன்ஸ்டிட்யூட்களில் சொல்லித்தருவது 1837-ல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. அவர் அதை ஒலி எழுத்து என்றார். எழுத்துக்கூட்டை மறந்துவிட்டுக் காதில் விழும் ஒலியை மட்டும் எழுத வேண்டும் என்பது அவர் கணக்கு. 'போனோகிராஃபி' என்ற பெயரும் அவர் முறைக்கு ஒட்டிக்கொண்டது, எழுதுகிறவர் 'போனோகிராபர்' ஆனார். 1877-ல் எடிசன் பேசும் கருவியைச் செய்து அதற்கு 'போனோகிராஃப்' என்று பெயர் வைத்தார். ஆளின் பெயரைக் கருவி எடுத்துக்கொண்டது. பிற்பாடு ஆளின் வேலையையும் அதன் வாரிசுகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கின என்பது வேறு கதை.

தமிழுக்கு வருவோம். 'சுருக்கெழுத்து' என்பதைப் பிரித்தால் சுருக்கு, எழுத்து. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த விதிப்படி சுருக்கு என்பதன் கடைசி உகரம் ஓடிப்போய், நின்ற மெய்யின் மேல் எகரம் ஏறி உட்கார்ந்துகொண்டது. சுருக்கிய எழுத்து, சுருக்குகின்ற எழுத்து, சுருக்கும் எழுத்து என்று முக்காலத்துக்கும் விரிவதால் வினைத்தொகை. 'சுருங்கு' என்பது தானாக நடப்பது, வெள்ளாமைச் செலவு போகக் கையில் நிற்கும் காசு மாதிரி. 'சுருக்கு' என்பது ஒருவர் செய்வது. ஆக, இந்த எழுத்தைச் சுருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அரசாங்கத் தமிழில் சுருக்கெழுத்தர். தட்டச்சும் சேர்ந்தால் சுருக்கெழுத்து தட்டச்சர், தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிக்கையில் பார்க்கலாம்.

'சுருக்கெழுத்தாளர்' என்றும் எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் தமிழ் இந்த இரண்டு விகுதிகளையும் வைத்து ஒரு காரியம் செய்திருக்கிறது. எழுத்தர் என்றால் குமாஸ்தா, எழுத்தாளர் என்றால் கதை எழுதுகிறவர். பிறர் சொன்னதை எழுதினால் 'அர்', தான் நினைத்ததை எழுதினால் 'ஆளர்' என்று ஒரு வேலி விழுந்துவிட்டது. அந்தக் கணக்கில் சுருக்கெழுத்தர் என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. தன் சொல் ஒன்றைக்கூட உள்ளே விடாதவர் அவர்.

சிலர் 'குறுக்கெழுத்து' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், அது ஞாயிற்றுக்கிழமைப் புதிர் என்று நினைவு வந்து. அவ்வளவு வெட்கப்பட வேண்டியதில்லை. இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்கிறோம், குறுக்குவதும் சுருக்குவதுதான். புதிர் போட்டவர்கள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவே.

சொல் நல்ல சொல்தான். சிக்கல் அதைக் கேட்கிறவர் மனதில் எழும் படத்தில் இருக்கிறது. 'சுருக்கம்' என்றதும் நமக்கு நினைவு வருவது கதைச் சுருக்கம், பொழிப்புரை, 'சுருக்கமா சொல்லு'. அதனால் சுருக்கெழுத்தர் என்றால் ஒரு மணி நேரப் பேச்சைப் பத்து வரியாக்கித் தருகிறவர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. எங்கள் வீட்டிலேயே அத்தையின் மாமியார் கடைசிவரை அப்படித்தான் நம்பினார். "பெரிய அதிகாரி வளவளன்னு பேசறதை இவ நாலு வார்த்தையில முடிச்சிடுவா" என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு. உண்மை நேர்மாறு. சுருங்குவது எழுத்து, பேச்சு சுருங்குவதில்லை. அதிகாரி 'ஆனால்' என்று மூன்று முறை இழுத்தால் மூன்று ஆனாலும் நோட்டில் இருக்க வேண்டும். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் ஸ்டெனோ தேர்வில் 'சி' கிரேடுக்கு நிமிஷத்துக்கு 100 வார்த்தை, 'டி' கிரேடுக்கு 80, இரண்டுக்கும் பத்து நிமிஷம் டிக்டேஷன். சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்து தர வேண்டும், விட்ட வார்த்தையும் மாற்றிய வார்த்தையும் பிழை.

இந்த இடத்தில் 'சுருக்கு' என்பதன் இன்னொரு பொருள் கைகொடுக்கிறது. சுருக்குப் பை. வெற்றிலை, சீவல், கொட்டடிச் சாவி, பஸ்ஸுக்குச் சில்லறை, எப்போதோ கோயிலில் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் போட்டுக் கிழவிகள் கயிற்றை இழுப்பார்கள். உள்ளே இருப்பது ஒன்றும் குறையாது. வாய்தான் ஒடுங்கும். கிரேக்கனின் 'ஸ்டெனோஸ்' இதைவிட நன்றாகத் தமிழில் வராது.

எப்படி ஒடுங்குகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பிட்மன் முறையில் மெய்யொலிகளுக்குக் கோடு. 'ப்' ஒலிக்குச் சாய்ந்த மெல்லிய கோடு, அதையே அழுத்திப் போட்டால் ஆங்கில 'B' எழுத்தின் கனத்த ஒலி. நேராகக் கீழே இழுத்த மெல்லிய கோடு 'ட்', அழுத்தினால் அதன் கனத்த ஒலி. கோட்டைப் பாதியாக வெட்டினால் கூடவே ஒரு 'ட்' சேர்ந்துகொள்ளும். உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும். வேகம் வந்த பிறகு புள்ளி, கீற்று வைக்க நேரமிருக்காது. நோட்டுக் கோட்டைத் தொடாமல் சற்று உயரே எழுதினோமா, கோட்டில் உட்காரவைத்தோமா, கோட்டை வெட்டிக்கொண்டா என்பதிலிருந்து என்ன உயிரென்று ஊகிக்க வேண்டும். அடிக்கடி வரும் சொற்களுக்குக் 'கிராமலாக்' என்ற ஒற்றைக் குறி, தொடர்களுக்குத் தனி முடிச்சு. 'ஐ ஆம் டைரக்டட் டு' என்று தொடங்கும் அரசாங்கக் கடிதத்தின் முதல் வரி மொத்தமும் பென்சிலின் ஒரே இழுப்பில் வந்து விழும்.

நானும் ஒரு கோடைவிடுமுறை மாயவரத்தில் ஷார்ட்ஹேண்ட் போனேன். கீழ்த்தளத்தில் டைப்ரைட்டர்கள் தடதடக்க, மாடியில் மாஸ்டர் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு வாசிப்பார். அன்றைய பத்தி, மழையில் நனைந்த நெல்லைக் கொள்முதல் செய்வது பற்றி ஒரு அதிகாரி எழுதும் கடிதம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனதால் எடுக்க முடியவில்லை என்ற வழக்கமான டெல்டா சோகம். பென்சிலைச் சீவாமல் போயிருந்தேன். மொண்ணை முனையில் மெல்லிய கோடு எது, அழுத்திய கோடு எது என்று எனக்கே தெரியவில்லை. நெல்லுக்கு ஆங்கிலத்தில் பேடி. அதன் முதல் கோடு தடித்துவிட்டால் பாடி. இரண்டுக்கும் உயிர் முதல் இடத்தில்தான் வரும், ஆகவே எழுதிய உயரமும் காட்டிக்கொடுக்காது. திருப்பி வாசிக்கச் சொன்னார். 'பாடி மூன்று நாளாகக் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் கிடக்கிறது, விவசாயிகள் வேதனை' என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக வாசித்தேன். கீழே டைப்ரைட்டர்கள்கூட நின்றுபோனதாக ஞாபகம். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போஸ்ட்மார்ட்டம் எப்பப்பா?" என்றார்.

மெல்லியதும் தடித்ததும் என்ற இந்தக் கட்டுமானமே ஆங்கிலத்துக்காகச் செய்தது என்பதை அப்போது யோசிக்கவில்லை. தமிழில் 'பணம்' சொல்லும் வாயும் 'அம்பு' சொல்லும் வாயும் இருவேறு ஒலி எழுப்பினாலும் எழுத்து ஒரே பகரம்தான். எந்த இடத்தில் வன்மை, எந்த இடத்தில் மென்மை என்பதை இடமே சொல்லிவிடும். பிட்மன் பென்சிலை அழுத்திச் சொன்னதைத் தமிழ் அக்கம்பக்கத்து எழுத்தை வைத்தே சொல்லிவிடுகிறது. ஓலை எழுதிய காலத்தில் நம் ஆட்கள் புள்ளியும் வைக்கவில்லை. ஓலை கிழியும் என்று மெய்யையும் உயிர்மெய்யையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, படிக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். பேச்சில் பாதியைத் தாளிலும் மீதியை வாசிப்பவர் தலையிலும் வைக்கிற வித்தைக்கு நாம் புதியவர்கள் அல்ல.

கணக்கிலும் அப்படித்தான். மிராசுதார் வீட்டுப் பழைய கணக்கு நோட்டையோ கிரயப் பத்திரத்தையோ எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. 'மேற்படி' என்று நாலெழுத்து எழுதச் சோம்பி ௸ போட்டு '௸யார்' என்று நகர்ந்துவிடுவார்கள். நில அளவையான வேலிக்கும் குழிக்கும், நெல்லை அளந்த குறுணிக்கும் பதக்குக்கும்கூடக் குறிகள் இருந்தன. 2019-ல் யூனிகோடில் தமிழுக்குக் கூடுதலாகச் சேர்த்த 51 குறிகளில் இவையும் இடம்பிடித்தன. வேலிக்கு இருபது மா, மாவுக்கு நூறு குழி என்று வாயால் போட்ட கணக்கைக் குறியால் எழுதிய கணக்குப்பிள்ளையை ரோமானியன் பார்த்திருந்தால் நோட்டாரியஸ் என்றுதான் கூப்பிட்டிருப்பான்.

ஆனால் இவர்கள் கணக்கு எழுதினார்கள். பேச்சை எழுதியவர்கள் யார்? அதற்கு இன்னும் பழைய தஞ்சாவூருக்குப் போக வேண்டும்.

பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டு, இருபதாம் நாள். அரண்மனையின் கிழக்குத் திருமஞ்சனசாலையில், அதாவது குளிக்கும் மண்டபத்தில், அரசன் இருக்கிறான். நாம் கொடுத்தவையும், அக்கன் கொடுத்தவையும், நம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றவர்கள் கொடுத்தவையும் கல்லிலே வெட்டுக என்று 'திருவாய்மொழிஞ்சருள', வெட்டியிருக்கிறார்கள். 'அரசர் கொடுத்தவை' என்று எழுத்தர் மாற்றவில்லை. அரசன் வாயில் வந்த தன்மை அப்படியே கல்லில் நிற்கிறது. சுருக்கிச் சொல்லியிருந்தால் அந்த 'நாம்' முதலில் காணாமல் போயிருக்கும். 'மொழிஞ்சருள' என்ற பேச்சு வழக்கும் போயிருக்கும், இலக்கணம் பார்த்து யாராவது 'மொழிந்தருள' என்று திருத்தியிருப்பார்கள்.

சோழர் ஆவணங்களில் இந்த வேலைக்கான பதவிகள் வரிசையாக வருகின்றன. அரசன் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவர் திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுதுகிறவர் திருமந்திர ஓலை. எழுதியது சரிதானா என்று பார்க்கிற மேலதிகாரி திருமந்திர ஓலை நாயகம். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டிலும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

உலகம் இந்த ஆளுக்குக் கொடுத்த பெயர்களையெல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். குறி, வேகம், குட்டை, ஒடுக்கம், சுருக்கு என்று எல்லாம் கையையும் தாளையும் பார்த்து வைத்தவை. போனோகிராபரில் ஒலி இருந்தாலும், அங்கேயும் எழுதுகிற கைதான் முன்னால் நிற்கிறது. கேட்கிற காதைப் பார்த்துப் பெயர் வைத்தது, எனக்குத் தெரிந்து, இந்தத் திருவாய்க்கேள்வி ஒன்றுதான். அத்தை அடிக்கடி சொல்வார்: "கை என்னடா கை, ஆறு மாசத்துல பழகிடும். காது பழக ஆறு வருஷம்." அதிகாரி ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துப் பேசுவார். மன்னார்குடிக்காரர் ஒரு மாதிரி, மலையாளி ஒரு மாதிரி. நாலு வார்த்தை பின்தங்கியே எழுதிக்கொண்டு, அந்த நாலையும் காதிலேயே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஸ்டெனோ.

டெல்டாவில் ஒரு சுருக்கெழுத்தரின் கை செய்த பெரிய காரியம் 1897-ல் நடந்தது. அந்த ஜனவரியில்தான் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிட்மன் இறந்தார். பிப்ரவரி முதல் வாரம், கொழும்பிலிருந்து ஊர் ஊராக வந்துகொண்டிருந்த விவேகானந்தர் கும்பகோணத்தில் பேசினார். கூடவே நோட்டோடு ஜோசையா ஜான் குட்வின். அதே பாத் நகரத்தை ஒட்டிய ஊரில் பிறந்தவர். 1895 கடைசியில் நியூயார்க்கில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு, கொஞ்ச நாளிலேயே சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பிவிட்டவர். விவேகானந்தர் கைக்குறிப்பு வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. 'எழுமின், விழிமின்' என்று கும்பகோணத்தில் முழங்கிய பேச்சு இன்று நமக்கு முழுசாகக் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம் இந்தப் பையனின் காது. அடுத்த வருஷம் ஜூன் 2-ஆம் தேதி ஊட்டியில் காய்ச்சலில் இறந்தார். வயது 27. கும்பகோணத்தில் விவேகானந்தரை நினைக்கிறவர்கள் குட்வினை நினைப்பதாகத் தெரியவில்லை. தொழில் அப்படிப்பட்டது. நன்றாகச் செய்தால் செய்தவர் தெரிய மாட்டார்.

பிறகு வந்த தலைமுறைகளுக்கு இது பிழைப்பு. எஸ்.எஸ்.எல்.சி., டைப் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர், அப்புறம் மெயின் லைன் ரயிலில் எழும்பூர், அங்கிருந்து பம்பாய் அல்லது டெல்லி. இரண்டு போகம் விளைகிற மண்ணில் நிலமில்லாதவர்களுக்கும், பாகம் பிரித்துப் பிரித்து நிலம் காணாமல் போனவர்களுக்கும் பென்சில்தான் மூன்றாம் போகம். பம்பாயில் தென்னிந்தியர்கள் அலுவலக வேலைகளை அடைத்துக்கொண்டார்கள் என்ற கோபம் 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் முழக்கங்களில் ஒன்றாக இருந்தது. தாராசுரத்துப் பையன் ஒருவன் மாதுங்காவில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு நிமிஷத்துக்கு 120 எழுதியது அரசியலானது.

இப்போது போனில் பேசினால் எழுத்தாகிறது. மாயவரத்தில் நான் படித்த மாடியில் இன்று செல்போன் சர்வீஸ் கடை. ஸ்டெனோ பதவிகளுக்கு அறிவிக்கை மட்டும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மாமா, "என்னதான் சொன்னார் அந்தாளு? சுருக்கமா சொல்லு" என்றார். அத்தை எக்கோ கவரைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். டாக்டர் பேசும்போது இவர் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், பதற்றத்தில் கை பரபரக்கிறது என்று விட்டுவிட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். வால்வு, மாத்திரை, ஆறு மாசம் கழித்து இன்னொரு எக்கோ. நடுவில் டாக்டர் நர்ஸிடம், "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைம்மா" என்று சொன்னதும் வந்தது. "உப்பைக் குறைங்க" மூன்று இடத்தில் வந்தது. மூன்றாவது தடவை வாசிக்கும்போது அத்தை கவரிலிருந்து கண்ணை எடுத்து மாமாவைப் பார்த்தார். மாமா தட்டில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.